தோளைப் பார்த்தாலே தெரியும்

2024 நவம்பர் 10, ஞாயிறு

காலையிலிருந்து பனி இறங்கிக்கொண்டே இருக்கிறது. கண்ணாடி அலமாரிக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை மாற்றினேன். ஏற்காட்டில் செருப்புக்கே பூஞ்சணம் பூக்கும். பொம்மையைச் சும்மா விடுமா? முப்பத்திரண்டையும் இறக்கித் தூசி தட்டி, ரோபோவாக நின்றதை வண்டியாகவும் வண்டியாக நின்றதை ரோபோவாகவும் மாற்றி வைத்தேன். ஒரே நிலையில் கிடந்தால் மூட்டு இறுகிவிடும். இரண்டரை மணி நேரம் ஆனது. அதில் ஒருமுறைகூட விளக்கத்தாளைப் பார்க்கவில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். வேறு யார் பாராட்டப் போகிறார்கள்?

மத்தியானம் பொம்மை சேகரிப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் திருப்பூர்க்காரர் ஒருவர் படம் போட்டு, "அக்கா, இது அசலா, டூப்பா?" என்றார். டூப். பதில் எழுத ஒரு நிமிடம்.

இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் பிரபாகர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "பெரிய கம்பெனிகிட்ட அனுமதி வாங்காம எவனோ சைனாக்காரன் பட்டறையில செய்யறான். அதுல அசலு, டூப்புன்னு ஒரு பஞ்சாயத்து. கள்ளச்சாராயத்துல தண்ணி கலந்துட்டான்னு ஸ்டேஷன்ல கம்ப்ளெய்ண்ட் குடுக்கற கதைதான் சக்தி உன்னோடது!"

சிரிக்கட்டும். ஓட்டல் ரிசப்ஷனில் நிற்பவருக்கு இது புரியாது. பெரிய கம்பெனி குழந்தைகளுக்குச் செய்கிறது. அந்தப் பட்டறைக்காரர்கள் எங்களுக்குச் செய்கிறார்கள். இரும்பு மூட்டு, தனித்தனியாக மடங்கும் விரல், கதவைத் திறந்தால் உள்ளே ஸ்டியரிங். அனுமதி இல்லாவிட்டாலும் உழைப்பு அவர்களுடையது. டூப் போடுகிறவன் அதையும் அச்செடுத்துத் திருடுகிறான். இந்த வித்தியாசம் தெரிந்த அறுபத்திரண்டு பேர் எங்கள் குழுவில் இருக்கிறார்கள். அதில் ஒரே பெண் நான். கடைசி வார்த்தையும் என்னுடையதுதான்.

நவம்பர் 13

யார்டில் முதல் காப்பிப் பழம் வந்து இறங்கிவிட்டது. இனி நான்கு மாதம் மூச்சு விட நேரமில்லை. ஒரு கை கொட்டையை அள்ளிப் பார்த்து இது இன்ன தரம் என்று சொல்வதற்குத்தான் எஸ்டேட்டில் எனக்குச் சம்பளம். பன்னிரண்டு வருடத்தில் என் தரத்தை மாற்றி எழுதியவர் யாருமில்லை.

கண்தான் என் சொத்து. யார்டிலும் சரி, அலமாரியிலும் சரி.

நவம்பர் 17, ஞாயிறு

பெரிய செய்தி. ஈரோடு சேகர் தன் சேகரிப்பு முழுவதையும் கொடுத்துவிடப் போகிறாராம். துபாயில் வேலை கிடைத்திருக்கிறது. அவரிடம் 'போர்வெல்' இருக்கிறது!

'பெரியவர்' என்று நாங்கள் சொல்வது ஐந்து வண்டிகள் சேர்ந்து நிற்கும் ஒன்றரை அடி ரோபோ. டம்பர் லாரி உடம்பு, கிரேனும் டிப்பரும் கைகள், ரோடு ரோலர் இடது கால், துளை போடும் லாரி வலது கால். அந்த லாரியைப் பார்த்ததும் இது நம்ம திருச்செங்கோட்டு போர்வெல் வண்டியேதான் என்று குழுவே சொல்லிவிட்டது, பெயர் நிலைத்துவிட்டது. செய்த பட்டறை ஒவ்வொரு வண்டியாக வெளியிட்டு, கடைசியில் போர்வெல்லைக் கொஞ்சமே கொஞ்சம் போட்டதோடு மூடிக்கொண்டது. என்னிடம் நான்கு இருக்கின்றன. ஆறு வருடமாக என் பெரியவர் ஒற்றைக் காலில் தவம் செய்கிறார். முதுகுக்குப் பின்னால் முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறேன்.

தன்னோடு துபாய்க்கு எடுத்துப்போக ஒரே ஒரு பொம்மை போதுமாம் சேகருக்கு, ஒரு டம்பர். நல்ல அசல் டம்பருக்கு போர்வெல்லைத் தருவாராம். என்னிடம் ஒரே ஒரு டம்பர்தான். உடம்பைக் கொடுத்துக் காலை வாங்கி என்ன செய்ய?

நவம்பர் 21

குழுவுக்குப் புதிதாக வந்த செபாஸ்டின் என்பவர் சேகரிடம் தன் டம்பரைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவரிடம் இரண்டு இருக்கிறதாம். "அக்கா அசல்னு சொல்லிட்டா போர்வெல் உங்களுதுங்க" என்று சேகர் குழுவிலேயே எழுதிவிட்டார். செபாஸ்டின் எனக்குத் தனியாகப் படங்கள் அனுப்பினார்.

முதல் படத்திலேயே தெரிந்துவிட்டது. பட்டறை போட்ட அசல் டம்பருக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. இடது தோளில் சுவர் மெலிசு. ஒரு வருடத்துக்குள் விரிசல் விடாத அசலே கிடையாது. டூப் போட்டவன் அந்த இடத்தைத் தடிமனாக்கிவிட்டான். விரிசல் இருந்தால் அசல், தடித்த தோள் என்றால் டூப். இந்த விதியைக் கண்டுபிடித்துக் குழுவுக்குச் சொன்னதே நான்தான். செபாஸ்டினுடைய டம்பரில் தோள் தடிமன். விரிசல் இல்லை.

தோளைத் தானே சரி செய்ததாக அவர் எழுதியிருந்தார். நல்ல கதை! நான் மூன்று விதப் பசை போட்டுப் பார்த்திருக்கிறேன், கோவைக்காரர் ஒருவர் சூடாக்கிக் கெடுத்தே விட்டார். குழுவில் எழுதினேன்: "கதை விட வேண்டாம் சார். இந்தத் தோளை மனுசன் கையால் சரி பண்ண முடியாது. டூப்."

பத்து நிமிடத்தில் நாற்பது கட்டைவிரல். நல்லவேளை, கால் பிழைத்தது.

நவம்பர் 22

செபாஸ்டின் குழுவிலிருந்து வெளியேறிவிட்டார். மடியில் கனமில்லாவிட்டால் வழியில் ஏன் பயம்?

நவம்பர் 24, ஞாயிறு

சேகர் கூப்பிட்டார். கிளம்ப நாள் இல்லை, டம்பருக்குக் காத்திருக்க முடியாது, என்னுடைய கறுப்புப் போர்விமானத்தைக் கொடுத்தால் போதும் என்கிறார். "உங்ககிட்ட இருந்தாத்தானுங்க அக்கா அதுக்கு மரியாதை."

சரி என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆனது என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

டிசம்பர் 1, ஞாயிறு

நிற்கிறார்!

இரண்டு காலில், முட்டு இல்லாமல், தன் பலத்தில் நிற்கிறார். பிரபாகரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் குனிந்து இரண்டு காலையும் பார்த்தார். பிறகு, "நம்ம ஊட்டுல என்னவிட உசரமா நிக்கறது இவரு ஒருத்தருதான்" என்றார். அலமாரியின் நடுத்தட்டில் இருந்த கல்யாண போட்டோவை மேல் தட்டுக்கு ஏற்றினேன். அவர் கவனிக்கவில்லை, அல்லது கவனிக்காத மாதிரி இருந்துவிட்டார்.

குழுவில் படம் போட்டேன். சேலத்தில் மொபைல் கடை வைத்திருக்கும் சத்யராஜ்தான் எங்கள் குழுவுக்குத் தலைவர். 'தமிழ்நாட்டிலேயே முழுப் பெரியவர் அக்கா வீட்டில்தான்' என்று எழுதியிருக்கிறார். உண்மையாகத்தான் இருக்கும்.

டிசம்பர் 9

யார்டில் பதினோரு மணி நேரம். வீட்டுக்கு வந்து அவரைப் பார்த்தேன். போதும்.

டிசம்பர் 27

மாரியம்மாளுக்கும் எனக்கும் இன்று வாய்த்தகராறு. கொட்டை பொறுக்கும் பெண்களில் அவள்தான் பழையவள். அவள் மூட்டையை மூன்றாம் தரத்தில் போட்டேன். அவிழ்த்துக் கொட்டி, "மேல இருக்கறத மட்டும் அள்ளிப் பாத்தா எப்படிங்க? அடியில கை உட்டுப் பாருங்க" என்றாள். நேரமில்லை என்றேன். கடைசியில் கை விட்டேன். அடியில் இருந்தது இரண்டாம் தரம்தான். மாற்றி எழுதினேன்.

பன்னிரண்டு வருடத்தில் முதல் முறை. ஒன்றும் குடி முழுகிவிடவில்லை.

2025 ஜனவரி 12, ஞாயிறு

போச்சு. காலையில் அலமாரியைத் திறந்தால் பெரியவருடைய இடது கை தொங்குகிறது. ஏற்கெனவே விரிசல் இருந்த டம்பரின் தோள் இரண்டாகப் பிளந்துவிட்டது. முழு எடையையும் ஏற்றி ஆறு வாரம் நிறுத்தி வைத்தேன் அல்லவா, அதனால்தான். அசல் என்றால் உடையும். நானே சொன்ன விதி. என் வீட்டில் உடையும்போது மட்டும் அதை ஏன் ஏற்க முடியவில்லை?

ஸ்குருக்களைக் கழற்றித் தோளைத் திறந்தேன். உட்சுவரில் பட்டறையின் அச்சு எண் புடைத்துக்கொண்டிருக்கிறது. டூப்பில் அந்த இடம் வழவழவென்று இருக்கும். போன வருடம் ஒன்றைத் திறந்து பார்த்தது நினைவிருக்கிறது. திறக்காமல் வெளியிலிருந்து பார்த்தால் இந்த எண் தெரியவே தெரியாது.

அப்போதுதான் தோன்றியது. அந்தச் செபாஸ்டின் நிஜமாகவே தோளைச் சரி செய்திருந்தால் அவரும் இதைத் திறந்திருக்க வேண்டும். திறந்திருந்தால் எண்ணைப் பார்த்திருக்க வேண்டும். பார்த்திருந்தால் ஏன் காட்டவில்லை?

ஃபோனில் அவருடைய பழைய செய்தியைத் தேடி எடுத்தேன். 'தோளத் தொறந்து நாலு போட்டோ அனுப்பியிருக்கேனுங்க மேடம். மூணாவதுல நம்பர் தெரியும்.'

நாலு போட்டோ. முதல் படம்தான் தெளிவாக இருக்கிறது. மற்ற மூன்றும் இறங்காமல், கலங்கலாக, மேலே அம்புக்குறியோடு அப்படியே கிடக்கின்றன. நான் தொடவே இல்லை. இன்று தொட்டேன். இறங்காது, நாள் கடந்துவிட்டது, அனுப்பியவரிடமே மறுபடி கேளுங்கள் என்கிறது ஃபோன்.

அனுப்பியவரிடமே கேட்க வேண்டுமாம்.

ஜனவரி 14

பொங்கல். பொங்கியது, சாப்பிட்டோம். அந்த மூன்றாவது படம் கலங்கலாகக் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. சாம்பல் நிறத் தோளுக்குள் ஏதோ ரோஸ் நிறம். என்னவாக இருக்கும்?

ஜனவரி 16

கேட்கலாமா? 'படத்தை மறுபடி அனுப்புங்கள்' என்று எழுதினால் போதும். எழுதி அழித்தேன். எழுதி அழித்தேன். மூன்று தடவை.

நான் பயந்தவள் இல்லை. யார்டில் எஸ்டேட் மேனேஜரிடமே, 'உங்கள் கொட்டையில் பாதி பூச்சி' என்று முகத்துக்கு நேராகச் சொன்னவள். இந்த ஒரு வரியை மட்டும் ஏன் அனுப்ப முடியவில்லை? சரி. படம் வேண்டாம். படத்தைப் பார்த்துச் சொன்னதில் வந்த வினைதானே இது. கையில் எடுத்துப் பார்க்கிறேன். டூப் என்றால் தைரியமாகத் திரும்பி வருவேன்.

ஜனவரி 18

கூப்பிட்டேன். "நான் சிவசக்தி பேசறேனுங்க" என்றேன். "சொல்லுங்க மேடம்" என்றார். எந்த ஊர் என்று கேட்டேன். மதுரையோ திருச்சியோ சொல்வார் என்று நினைத்தேன்.

"நாகலூருங்க."

இதே மலை! பஸ்ஸில் அரை மணி நேரம்.

நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். உடைந்த என் டம்பரைப் பையில் எடுத்து வைத்தேன். பிறகு வெளியே எடுத்துவிட்டேன். அதைக் கொண்டுபோனால் நான் போவது நியாயம் கேட்கவா, ரிப்பேருக்கா?

ஜனவரி 19, ஞாயிறு

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிடுகிறேன். நாளைக்கு எனக்கு வசதியாக மாற்றி நினைத்துக்கொள்ளக் கூடாது.

மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே ஓட்டு வீடு. ஐம்பது வயது இருக்கும் அவருக்கு. தினமும் பஸ்ஸில் சேலத்துக்கு இறங்கிப் பல்செட் செய்யும் லேபில் வேலை. அவர் மனைவி சசிகலா கதவைத் திறந்து, என்னை மேலும் கீழும் பார்த்து, உள்ளே திரும்பி, "ஏனுங்க, இவுங்கதான் அந்த மேடமா?" என்று கேட்டார். அந்த 'அந்த'வை நான் மறக்க மாட்டேன்.

டம்பரை மேசைமேல் வைத்தார். கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. எடை அசலின் எடை. இரும்பு மூட்டின் சத்தம் அசலின் சத்தம். சின்ன ஸ்குரு டிரைவரால் தோளைத் திறந்து காட்டினார். எண் இருக்கிறது. அதை ஒட்டிப் பழைய விரிசல் கோடு, அதன்மேல் ரோஸ் நிறத்தில் புதுச் சுவர். பல்செட்டில் ஈறுக்குப் போடும் பொருளாம். வெளியே தெரியும் இடத்தில் மட்டும் சாம்பல் நிறம் கலந்திருக்கிறார். நகத்தால் தடவினேன். எங்கே பழையது முடிந்து எங்கே புதியது தொடங்குகிறது என்று என் நகத்துக்குத் தெரியவில்லை.

"அண்ணா, நான் சொன்னது தப்பு" என்றேன்.

அவர் தோளை மூடி ஸ்குருவைத் திருகிக்கொண்டே பேசினார். "ஒடஞ்சு கெடந்ததத்தான் வாங்குனனுங்க. மனுசன் கையால முடியாதுன்னு எழுதினீங்க. பதினெட்டு நாளு ஆச்சுங்க மேடம். லேப்ல எல்லாரும் போனதுக்கப்பறம் ஒக்காந்து செஞ்சது. போர்வெல்லு போனா போவுதுங்க. கதை விடாதீங்கன்னு எழுதினீங்க பாருங்க, அதுதான்..."

சசிகலா முடித்தார். "ஒரு மாசம் இவரு சரியாவே சாப்புடலீங்க. பொம்மைக்கா இப்பிடின்னு நானே திட்டிப்போட்டேன். பொம்மைக்கு இல்லீங்களாமா. பொய்யன்னு ஆயிப்போச்சாமா."

மறுபடியும் மன்னிப்புக் கேட்டேன். செபாஸ்டின் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "பரவால்லீங்க மேடம். நீங்க இத்தன தூரம் வந்ததே நொம்பப் பெருசு. ஆனா இப்ப இந்த ரூமுல மூணு பேருதான் இருக்கறோம். அன்னிக்கி அறுவத்திரண்டு பேரு இருந்தாங்க."

காப்பி கொடுத்தார்கள். குடித்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தும் வழியில் என்ன இருந்தது என்று ஒன்றும் நினைவில்லை.

ஜனவரி 20

குழுவில் எழுதும் முன் தலைவருக்குச் சொல்வது முறை என்று சத்யராஜைக் கூப்பிட்டேன். பதறிவிட்டார். "அக்கா, வேண்டாங்கக்கா. நீங்க ஒண்ணு தப்புன்னு சொன்னா இதுவரைக்கும் நீங்க பார்த்துச் சொன்ன நாப்பதும் சந்தேகமாப் போயிரும். உங்க வார்த்தைய நம்பி எத்தன பேரு மாத்திக்கிட்டாங்க! அந்தாளைச் சத்தமில்லாம நான் திரும்பச் சேர்த்துடறேன். முடிஞ்சுது."

முடியாது. அவரை வெளியே அனுப்பியது சத்தத்தோடு. உள்ளே வருவது மட்டும் சத்தமில்லாமலா?

ஆனால் சத்யராஜ் சொன்னதில் ஒன்று உண்மை. நாற்பது. அதில் எத்தனை பேருக்கு முதல் படத்தோடு நிறுத்தினேன்?

ஜனவரி 21

எழுதிவிட்டேன். வாயால் பேசி அனுப்பலாம் என்று பார்த்தேன். குரல் தழுதழுத்தால் இரக்கம் வந்துவிடும், எனக்கு அது வேண்டாம். எழுதியது இவ்வளவுதான்:

"நவம்பர் 21 அன்று செபாஸ்டின் அண்ணனுடைய டம்பரை டூப் என்று சொன்னேன். அது அசல். நேற்று முன்தினம் நாகலூர் போய்க் கையில் எடுத்துப் பார்த்தேன். அவர் நான்கு படம் அனுப்பினார். நான் ஒன்றைத்தான் திறந்தேன். அவர் கதை விடவில்லை. தோளை அவர்தான் சரி செய்தார், அவ்வளவு நேர்த்தியாகச் செய்ததால்தான் நான் நம்பவில்லை. என் விதி தப்பு. இதுவரை நான் டூப் என்று சொன்ன பொருள் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், மறுபடி பார்க்கிறேன்."

அனுப்பிவிட்டு ஃபோனைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுத் துணி துவைக்கப் போனேன்.

ஜனவரி 22

இருநூறு செய்திகள். "பெரிய மனசு அக்கா" என்று பாதிப் பேர். அதை விடு. துபாயிலிருந்து சேகர்: "அப்ப நான் யாருக்குக் குடுக்க வேண்டிய காலை யாருக்குங்க குடுத்தேன்?" நியாயம். கரூர்க்காரர் ஒருவர்: "கால் வேணும்னுதானே டூப்புன்னு சொன்னீங்க?"

இல்லை! என்னய்யா பேச்சு இது? நான் அப்படிப்பட்டவளா? ஒரு பொம்மைக் காலுக்கு என் வாயை விப்பனா? பிரபாகரிடம் கத்தினேன். அவர் குக்கரை இறக்கி வைத்துவிட்டு, "அப்பிடி இல்லீன்னு உனக்குத் தெரியுமில்ல? அப்பறம் ஏன் என்னைப் பார்த்துக் கத்தற?" என்றார்.

தெரியுமா?

ஜனவரி 23

இந்த நோட்டைத்தான் புரட்டினேன். நவம்பர் 21. என் கையெழுத்து. 'நல்லவேளை, கால் பிழைத்தது.'

யாரிடமிருந்து பிழைத்தது?

பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்து நான் சொல்லவில்லை. அது சத்தியம். ஆனால் கால் வேறு வீட்டுக்குப் போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் முதல் படத்தைப் பார்த்திருக்கிறேன். அப்படிப் பார்க்கிற கண்ணுக்கு இரண்டாவது படம் எதற்கு?

கரூர்க்காரருக்குப் பதில் எழுதினேன். "வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆசை எனக்கு இருந்தது. நீங்கள் கேட்டது சரி." இதை எழுதிய பிறகு நன்றாகத் தூங்கினேன் என்பதுதான் ஆச்சரியம்.

ஜனவரி 26, ஞாயிறு

போர்வெல்லைக் கழற்றினேன். பெட்டியில் வைத்து நாகலூர் போனேன்.

செபாஸ்டின் கையை நீட்டவில்லை. "ஐயோ, வேண்டாங்க மேடம். அது இப்ப உங்களுதுங்க."

"அண்ணா, சேகர் சொன்ன பேச்சு என்ன? டம்பர் அசல்னா கால் உங்களுக்கு. டம்பர் அசல். அப்ப கால் யாருது? நான் தானம் பண்ண வரலீங்க. உங்க டம்பரை எடுத்துக் குடுங்க, என்னுது தோளு ஒடஞ்சு கெடக்குது. சேகருக்கு என் விமானம் போயிருச்சு, எனக்கு உங்க டம்பர் வரணும். கணக்கு நேராயிருச்சு."

அவர் மனைவியைப் பார்த்தார். சசிகலா, "வாங்கிக்கங்க. அந்தம்மா நியாயமாத்தான் பேசறாங்க" என்றார். இந்த மலையில் எனக்குக் கிடைத்த சான்றிதழ்களில் இதுதான் பெரியது.

மடியில் டம்பரோடு பஸ்ஸில் வந்தேன். அவர் சரி செய்த தோள்மேல் விரலை வைத்துக்கொண்டே. பெரியவர் மறுபடி ஒற்றைக் காலில் நிற்கிறார், முதுகில் முட்டு. வருத்தம்தான். இல்லை என்று எழுதினால் இந்த நோட்டே என்னை நம்பாது.

பிப்ரவரி 2

சத்யராஜ், செபாஸ்டினைக் குழுவில் சேர்த்துவிட்டார். அவர் ஒரே ஒரு படம் போட்டார். அவருடைய பெரியவர் இரண்டு காலில் நிற்கும் படம். முதல் கட்டைவிரல் என்னுடையது.

பிப்ரவரி 16

பழையதையெல்லாம் மறுபடி பார்க்கிறேன். ஞாயிறுதோறும் பொருளையே கொண்டுவரச் சொல்லிவிட்டேன், பஸ் ஸ்டாண்ட் டீக்கடை மேசைதான் கோர்ட். இதுவரை இருபத்தொன்பது. இருபத்தெட்டில் நான் சொன்னது சரி. ஒன்றில் தப்பு, ஆத்தூர்க்காரரிடம் நேரில் சொன்னேன். இன்னும் பதினொன்று இருக்கின்றன. கண் கெட்டுப்போகவில்லை என்று தெரிந்ததில் சந்தோஷம்தான், ஏன் மறைக்க வேண்டும்?

மாரியம்மாள் மூட்டையில் இப்போதெல்லாம் அடிவரை கை விடுகிறேன். "இவ்வளவு வேண்டாங்க, நேரமாவுது" என்கிறாள் அவளே.

மார்ச் 11

மழை. யார்டில் வேலை முடிந்தது.

ஏப்ரல் 27, ஞாயிறு

காலையில் நாகலூர் பஸ் கண்டக்டர் ஓட்டலில் பிரபாகரிடம் ஒரு பிஸ்கட் டின்னைக் கொடுத்துவிட்டுப் போனாராம். பழைய துண்டில் சுற்றி உள்ளே ஒரு கால். போர்வெல் லாரியின் கால்! செபாஸ்டின் தன்னிடம் இருப்பதை அச்செடுத்துச் செய்திருக்கிறார். முழுக்க முழுக்க ஈறு நிறம். துளை போடும் குழாய் மட்டும் பல் வெள்ளை. கூடவே லேப் சீட்டின் பின்புறத்தில் நான்கு வரி.

'மேடம், எங்கிட்ட இருந்த கலரு இதுதானுங்க. லாரியா மாறாது. எட தாங்கும். ஒடஞ்ச உங்க டம்பரையும் குடுத்தனுப்புங்க, பாத்துடலாம்.'

வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். பக்கவாட்டில் அச்சுக்கோடு, குதிகாலில் ஒரு குமிழி, எண் இருக்க வேண்டிய இடம் வழவழ. டூப்பைக் கண்டுபிடிக்க நான் குழுவுக்குச் சொல்லிக்கொடுத்த அத்தனை குறியும் இருக்கிறது. மாட்டினேன். முதுகில் முட்டுக்கொடுத்திருந்ததை எடுத்தேன். நின்றார்.

"யாரு இது, பல் டாக்டர்கிட்ட இருந்து பாதியில எந்திரிச்சு வந்துட்டாரா?" என்றார் பிரபாகர். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முதலில் சிரிப்பால்தான் வந்தது.

படம் எடுத்துக் குழுவில் போட்டேன். யாரும் கேட்பதற்கு முன்னால் கீழே நானே எழுதினேன்: "வலது கால் டூப். நாகலூர் செபாஸ்டின் அண்ணன் செய்தது. எதைக் கொடுத்தாலும் மாற்றிக்கொள்ள மாட்டேன்."